பதிவாளருக்கு ஒரு மாலை

ஓய்வு பெற்ற மனநல வைத்தியனுக்குக் காலையில் ஒரு வேலைதான் உண்டு. பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்தைப் படிப்பது, பிறகு கோபப்படுவது. இரத்த அழுத்தத்துக்கு நல்லதல்லதான். ஆனால் ஹட்டனில் வேறு பொழுதுபோக்கு மதுக்கடைதான்.

"மன அழுத்தமா? தினமும் இரண்டு கோப்பை கிரீன் டீ." "பத்தாயிரம் அடி நடங்கள்." "எட்டு மணி நேரம் தூங்குங்கள்." "ஓய்வுக்குப் பிறகு செடி வளருங்கள், மனம் லேசாகும்." படித்துப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். எதிர்மலையில் கொழுந்துக் கூடையோடு பெண்கள். முப்பது வருடம் செடியோடு நின்றவளுக்குச் செடி வளர்க்கச் சொல்கிறார்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுகிறவளை நடக்கச் சொல்கிறார்கள். நிறுவையில் குறைந்தால் அவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ஊரார் மன அழுத்தம் தீரக் கொழுந்து கிள்ளுகிறாள். அவள் கோப்பைக்கு வருவது தூள்.

அவளும் எப்போதாவது வைத்தியரிடம் வருவாள். "நெஞ்சு படபடங்குது டொக்டர் ஐயா. தல பாரமா இருக்கு. ஒடம்பெல்லாம் ஒளைச்சல்." தோட்டத்து ஆஸ்பத்திரியில் பனடோல் கொடுப்பார்கள். அதிலும் போகாவிட்டால் டவுனுக்கு, மனநல கிளினிக்குக்கு. அங்கே நீண்ட வரிசை, சில நிமிடப் பேச்சு. அதுவும் பல நேரம் அவளுக்குப் பாதிதான் புரிகிற சிங்களத்தில். கடன், குடிகாரப் புருஷன், ஒழுகுகிற லயத்துக் கூரை. மூன்றுக்கும் சேர்த்து ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதுகிறோம். நோய்க்கு லத்தீனில் பெயர் உண்டு. கூரைக்கு இல்லை.

தோட்டத்து நோயாளி தோட்டத்துக்காரன் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் 1912இல் மருத்துவத் தேவைகள் சட்டம் போட்டான். அவன் போய்விட்டான். துரைமாரின் நிறம் மாறிவிட்டது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் என்பது மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் புதிதாகப் பூக்கும் வாக்குறுதி. மலையகத்துக்கு 200 வருடம் என்று 2023இல் கொண்டாடினோம். டிக்கோயாவில் இந்தியப் பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரியை 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். நன்றி. நம்முடைய அரசு நமக்குக் கட்டவேண்டிய ஆஸ்பத்திரிக்கு அடுத்த நாட்டுப் பிரதமர் வரவேண்டியிருக்கிறது.

சரி, சுகாதாரத்தை ஆண்டவர்களைப் பார்ப்போம். கொரோனாக் காலத்தில், 2020இன் கடைசியில், கேகாலையில் ஒருவர் கனவிலோ தெய்வ அருளிலோ ஒரு பாணி காய்ச்சினார். ஊரே வரிசையில் நின்றது. அதை விடுங்கள், பயந்த ஜனம். சுகாதார அமைச்சரே கமெராவின் முன் அந்தப் பாணியைக் குடித்தார். அதற்கு முன்னால் மந்திரித்த பானைகளை ஆற்றில் விட்டிருந்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று. அப்போது அவரைக் கவனித்தது பாணி அல்ல, நாங்கள்தான். அவருக்குப் பின் வந்த அமைச்சர், தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார். ஒருவர் ஆற்றை நம்பினார், அடுத்தவர் டெண்டரை. மனநோயாளி என்று சீட்டு எழுத மட்டும் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அமைச்சர்களைப் பரிசோதிக்க அதிகாரம் கொடுக்கவில்லை.

ஒக்டோபர் 10 உலக மனநல தினம். நுவரெலியாவில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து ஒரு செயலமர்வு நடக்கும். பலூன், பதாகை, மதியச் சாப்பாடு. தலைப்பு, தோட்டப் பெண்களின் உளநலம். தோட்டப் பெண் யாரும் வந்திருக்கமாட்டாள். வந்தால் அன்றைய பேர் போய்விடும்.

இவ்வளவு செயலமர்வுகளுக்கு நடுவில் இந்த நாட்டில் நிஜமாகவே உயிர் காத்த மனநல வைத்தியர் யார் தெரியுமா? பீடைகொல்லிப் பதிவாளர். சிரிக்க வேண்டாம். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் ஒன்று. அந்த வருடத்திலிருந்து அதிக நச்சுள்ள பீடைகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தேயிலைமலையில் புல்லுக்கு அடித்த பராகுவாட்டும் 2008க்குப் பிறகு படிப்படியாகப் போனது. இருபது வருடத்தில் அந்த எண் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஏறத்தாழ 93,000 உயிர் மிஞ்சியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கவலை குறைந்ததால் அல்ல. கவலைப்பட்டவனின் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாததால். நான் எழுதிய மாத்திரைகளை எல்லாம் மலையாகக் குவித்தாலும் அந்தத் தடை உத்தரவின் கையெழுத்துக்கு ஈடாகாது. பதிவாளருக்கு யாராவது மாலை போட்டோமா? இல்லை. பாணி காய்ச்சியவருக்குத்தான் கூட்டம்.

ஆகவே அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எங்கே போடுகிறது என்பதுதான் கேள்வி. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் மேடையேறிய அப்போதைய ஜனாதிபதி, தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்றார். கைதட்டல். ஜூலையில் அதற்கான வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆயிற்று. அதே வருடம் நாடு முழுக்க 361 மதுபான உரிமங்கள் வழங்கப்பட்டன என்று டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியல் வாசித்தார்கள். மத்திய மாகாணத்துக்கு மட்டும் 45. சம்பளக் காகிதம் கோர்ட்டில் கிடந்தது. சாராயக் காகிதத்துக்கு எங்கும் தடங்கல் இல்லை. புருஷன் குடிக்கிறான் என்று அழுகிறவளுக்கு நான் எந்த மாத்திரையை எழுத? கடையைத் திறந்தவனுக்கு எழுதவல்லவா மாத்திரை வேண்டும்!

இனி ஓய்வு. எங்கள் ஓய்வு வயதே பெரிய கூத்து. 2021 நவம்பரில் அரச ஊழியருக்கு 65 என்றார்கள். 2022 ஆகஸ்டில் 60 என்றார்கள். இளம் டொக்டர்மார் விமானம் ஏறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், இருந்த கிழவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். விசேட வைத்தியர்கள் நீதிமன்றம் போனார்கள். பிறகு எங்களுக்கு 63 என்றார்கள். நாங்கள் கோர்ட்டுக்குப் போகமுடிந்தது. வீட்டுக்குப் போனாலும் பென்ஷன் உண்டு, மாலையில் சனல் பண்ண ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் உண்டு. நாங்கள் ஓய்வு பெறுவது அரசிடமிருந்து மட்டும்தான்.

கொழுந்து பறித்தவளுக்குப் பென்ஷன் கிடையாது. சேமலாப நிதியும் பணிக்கொடையும்தான். பணிக்கொடை வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று சட்டம். முப்பது வருடத்துக்கு, 2024இன் 1,350 கணக்கில், 567,000 ரூபா. மலை வழுக்கி விழுந்த முழங்காலுக்கும் சேர்த்து. அந்தக் காசு வரும்வரை, பார்க்கலாம் என்பார்கள். ஃபைல் கொழும்பில் என்பார்கள். அரசாங்கத்தின் சொந்தத் தோட்டங்களே இந்த நிலுவையில் பேர்போனவை. அலைந்து அலைந்து அவளுக்குத் தூக்கம் போகும். தூக்கம் போனால் என்னிடம் அனுப்புவார்கள்.

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் கொடுத்த தவணை 30 நாள். தோட்டத்தில் உங்கள் அம்மாவின் பேரை வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று?