ஆடு பொது, பேச்சு இல்லை

பேச்சுவார்த்தை இல்லாத அக்காள் தங்கை, இருவருக்கும் பொதுவாய் ஒரு செம்மறிப் பண்ணை, வேலி தாண்டி வரும் காதல், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. வெள்ளைக்காரர் நாட்டில் இந்தச் சரக்குக்கு ஏக மவுசு. “வண்டூரை வச்சு இப்படி ஒரு நாவல் எழுதேண்ணே” என்றாள் என் தங்கை. வண்டூர் இருக்கும் அந்தமான் என்றால் எல்லாரும் கடலும் சிறையுமாகவே எழுதி அவளுக்கு அலுத்துவிட்டதாம்.

முதல் சிக்கல் செம்மறி. வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில், இரண்டாம் அத்தியாயத்துக்குள் அதற்குக் குளம்பு அழுகிவிடும். வெள்ளாடுதான் தாங்கும், அதற்கும் பரண் கொட்டகை வேண்டும். வெள்ளாட்டின் தாங்குதிறனுக்கு அந்தமானின் பாரன் தீவே சாட்சி. அங்கே மனுஷ வாடையே கிடையாது. 1991-லிருந்து விட்டுவிட்டுக் குமுறும் எரிமலை உண்டு. அதன் பக்கத்திலேயே கேட்பாரற்ற ஆடுகளும் உண்டு. அக்காள் தங்கை சண்டைக்கு நடுவே நின்று இலை தின்ன, இதைவிடப் பக்குவப்பட்ட ஜீவன் எங்கே கிடைக்கும்?

தமிழில் முன்னோடி தேடினேன். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யில் ஆட்டுக்கிடையும் உண்டு, பிரிந்து வளரும் இரட்டைப் பெண்களும் உண்டு, ஆனால் தொண்டை அடைக்கும், சிரிப்பு வராது. கி.ரா.வின் ‘கிடை’யில் காதல் உண்டு, அது கல்யாணத்தில் முடியாது. நம் இலக்கியத்தில் ஆடு நுழைந்தால் கண்ணீரும் கூடவே நுழைந்துவிடுகிறது.

சரி, காதலையாவது பார்ப்போம். 1983-இல் வந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்கு வண்டூர் ஜெட்டியிலிருந்துதான் படகு. கதாநாயகியை ஜாலிபாய் தீவுக்கு அழைத்துப் போகலாம். ஆனால் திங்கட்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. காதல் கடிதத்துக்குக்கூட பாலிதீன் உறை ஆகாது. கடற்கரையிலோ முதலை எச்சரிக்கைப் பலகை. கைகோத்து அலையில் ஓடும் காட்சியை வலை கட்டிய எல்லைக்குள் முடித்தாக வேண்டும்.

இவ்வளவு யோசித்த பிறகுதான், நாவல் பக்கத்து வீட்டிலேயே நடந்துகொண்டிருப்பது உறைத்தது. அங்கே அக்காளான பெரியம்மா காசு போட்டு ஆடு வாங்கினார். தங்கையான சின்னம்மா வாரத்துக்கு வளர்த்தார். குட்டி ஆளுக்குப் பாதி என்று பேச்சு. ஆடு மூன்று குட்டி போட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

நேர்ப்பேச்சுதான் நின்றது. “ஏட்டி, உன் ஓனரம்மா காயப்போட்ட புளி மழையில நனையுது” என்று ஆட்டிடம் சொல்வார் சின்னம்மா. “வளக்குறவுகளை முதல்ல கொட்டகையைக் கூட்டச் சொல்லு” என்று அதே ஆட்டிடம் பதில் வரும். ஆடு அசைபோடும். புளி உள்ளே போகும், கொட்டகை சுத்தமாகும். சொத்தைப் பிரித்துக்கொண்ட உடன்பிறப்புகள் ஆளுக்கொரு ஊராய்ப் போய்விடுவார்கள். பிரிக்க முடியாத ஒரு குட்டி இருந்தால் எங்கே போவது? தினமும் காலையில் ஜாடை பேசவாவது வந்து நிற்க வேண்டும்.

அந்த நாவல்களில் மிடுக்கான கால்நடை மருத்துவர் வந்துதான் முடிச்சு அவிழும். இங்கேயும் வந்தார், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட. ஓய்வுபெற ஒரு வருஷம் பாக்கி. ஊசி குத்தியதும் தாயாடு கத்த, “மெதுவாப் போடக்கூடாதா?” என்று இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். மிரண்ட டாக்டர் மூன்றாவது குட்டியை விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அதை யார் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் இப்போது புதுச் சண்டை. இந்தத் தடவை நேருக்கு நேர்.