எல்லோருக்கும் நல்லவர்

இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் எஸ்டேட் ஏஜெண்டைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். வீட்டைக் காட்டியதோடு நம்மைக் கைவிடுகிறவர் அல்லர் அவர். விலை படிந்த அன்றே, "சொலிசிட்டர் பார்த்தாயிற்றா? எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், மளமளவென்று முடித்துக் கொடுப்பார்" என்று வழி சொல்லிவிடுவார். ஊர் பேர் தெரியாத இடத்தில் இப்படி ஒரு ஆதரவு யாருக்குக் கிடைக்கும்?

பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீலான அந்தச் சொலிசிட்டரும் நன்றி மறவாதவர். நம்மைக் கொண்டுவந்து சேர்த்ததற்காக ஏஜெண்டுக்குப் பரிந்துரைக் கட்டணம் என்று ஒரு தொகையை அனுப்பிவிடுகிறார். விபத்தில் காயம்பட்டவர்களின் வழக்குகளில் இப்படிக் காசு கைமாறுவதை 2013-இல் சட்டம் தடுத்துவிட்டது. வீட்டுக் காரியத்தில் தடை இல்லை. வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டால் போதும். அவரும் சொல்லத்தான் செய்கிறார், கையெழுத்துக்காக வரும் நீண்ட கடிதத்தின் நடுப்பக்கம் ஒன்றில்.

அவருடைய நன்றி எந்தப் பக்கம் பாயும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த மாதமும் ஆள் அனுப்பப் போகிறவர் ஏஜெண்ட். நாமோ வாழ்நாளில் ஒரு வீடோ இரண்டு வீடோ வாங்குகிறவர்கள். விற்பனை முடிந்தால்தான் ஏஜெண்டுக்குக் கமிஷன். அவர் அனுப்பிவைத்த ஒருவர் நம்மைப் பார்த்து, "இந்த வீட்டை விட்டுவிடுங்கள்" என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

கட்டணத்திலும் அவர் தாராளமானவர். வீடு வாங்கல் விற்றலுக்கான கட்டணத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2018 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. வெளியிடுகிறார், அது எவ்வளவு குறைந்த தொகை என்று பார்த்து மனம் குளிர்ந்துதான் நாம் கையெழுத்துப் போடுகிறோம். பிறகு வரும் பில்லில் லீஸ்ஹோல்டு (குத்தகை உரிமை) என்பதற்கு ஒன்று, மோட்கேஜ் இருப்பதற்கு ஒன்று, வங்கிக்குப் பணம் அனுப்புவதற்கு ஒன்று, அப்பா கொடுத்த பணம் என்பதற்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஒரு பெயரும் ஒரு தொகையும் இருக்கும்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய நுணுக்கம். நம் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் ஆராய்வதைப் பார்த்தால் தொல்லியல்காரர்கள் தோற்றுப்போவார்கள். கறுப்புப் பணத்தைத் தடுக்க 2017-இல் வந்த விதிகள் அந்தக் கடமையை அவருக்குக் கொடுத்திருக்கின்றன. அது நியாயமான கடமை. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் நம்மவர்கள் டெபாசிட்டுக்கான பணத்தைச் சீட்டுக் கட்டிச் சேர்த்திருப்பார்கள். மாமா, சித்தப்பா கையில் வாங்கியிருப்பார்கள். சீட்டுக்கு ரசீது ஏது? இதையெல்லாம் முதல் வாரமே கேட்டால் ஏதாவது ஏற்பாடு செய்யலாம். அவரோ எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது ஒப்பந்தம் உறுதியாவதற்கு, நாள் குறிக்கும் நேரத்தில் கேட்கிறார்: ஆறு மாத ஸ்டேட்மெண்ட், மாமாவின் ஸ்டேட்மெண்ட், மாமாவின் பாஸ்போர்ட். நம் பணத்தைப் பற்றி அவர் காட்டும் இந்த அக்கறையில் பாதியை, விற்கிறவர் வீட்டைப் பற்றிச் சொல்லும் பதில்களிலும் காட்டினால் அவரை நான் வீட்டில் படம் மாட்டிக் கும்பிடுவேன்.

என் சித்தப்பா மகள் ஹாரோவில் வீடு பார்த்தாள். மேல்தளத்தில் கூரைக்குக் கீழே லாஃப்டை அறையாக்கியிருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் அந்த அறை என்று முடிவும் செய்துவிட்டாள். விற்கிறவர் நிரப்பித் தரும் படிவத்தில், அந்த அறைக்குக் கட்டட விதிச் சான்றிதழ் இருக்கிறதா என்ற கேள்விக்கு "தெரியாது" என்று பதில். அவளுடைய சொலிசிட்டர் நிலைமையை உடனே சமாளித்தார். ஒரு காப்பீட்டுப் பாலிசி, ஒரே தடவை பிரீமியம், விஷயம் தீர்ந்தது. "அக்கா, பாலிசி எடுத்தாயிற்றாம். இனிப் பிரச்சினையே இல்லையாம்" என்று சந்தோஷமாகத்தான் போன் செய்தாள்.

பிரச்சினை இல்லாமல் போனது வங்கிக்கு. கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நட்டத்தை அந்தப் பாலிசி ஈடு செய்யும். கடன் கொடுத்த வங்கி நிம்மதியாகத் தூங்கலாம். அந்த அறையின் தரை கட்டில், அலமாரி, இரண்டு பிள்ளைகளின் எடையைத் தாங்குமா, இரவில் கீழ்த்தளம் தீப்பிடித்தால் படிக்கட்டு வழியாக அவர்கள் இறங்கி வர முடியுமா என்பதைப் பற்றிப் பாலிசி ஒரு வார்த்தை பேசாது. இன்னொன்றும் உண்டு. சந்தேகம் தீரட்டும் என்று கவுன்சிலை நாமே கேட்டுவிட்டால் பாலிசி செல்லாமல் போய்விடும். விதி மீறிய வேலையைத் திருத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க முன்பு கவுன்சிலுக்கு 12 மாதம்தான் அவகாசம். 2023 அக்டோபர் முதல் அது 10 ஆண்டு. "கட்டட சர்வேயர் ஒருவரை அனுப்பி அந்த அறையைப் பாருங்கள்" என்று அவளுக்குச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரியை எழுதி அவளைக் கலவரப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. வங்கியின் காரியத்தைக் குறையில்லாமல் பார்த்தார். அவர் ஒரே நேரத்தில் வங்கிக்கும் சொலிசிட்டர், நமக்கும் சொலிசிட்டர். வங்கி அவருக்குத் தடித்த விதிப்புத்தகம் கொடுத்திருக்கிறது. நாம் கொடுப்பது நம்பிக்கையும் பணமும்தான்.

இந்த நல்ல மனத்தின் உச்சத்தை லீஸ்ஹோல்டு விவகாரத்தில் நாடே பார்த்தது. புது வீடு கட்டி விற்ற கம்பெனிகள் தாங்களே சொலிசிட்டரைச் சிபாரிசு செய்தன; அவரிடம் போனால் சலுகையும் உண்டு. வாங்கியவர்கள் கையெழுத்திட்ட லீஸ்களில் கிரவுண்ட் ரெண்ட் என்னும் நில வாடகை பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று இருந்தது. ஆண்டுக்கு 250 பவுண்டு என்பது 50 ஆண்டில் 8,000 பவுண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. விற்கவும் முடியாமல் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. டெய்லர் விம்பி என்ற கட்டுமான நிறுவனம் இதைச் சரிசெய்ய 2017-இல் 13 கோடி பவுண்டு ஒதுக்க வேண்டிவந்தது. லீஸ் ஆங்கிலத்தில்தான் இருந்தது. சொலிசிட்டர் அதைப் படிக்கத்தான் காசு வாங்கினார். ஆனாலும் தன்னை நம்பி ஆள் அனுப்பிய கம்பெனிக்கு எதிராக ஒரு சொல் சொல்லிவிடாத பெருந்தன்மை பலரிடம் இருந்தது. புதிய லீஸ்களில் கிரவுண்ட் ரெண்ட் கூடாது என்ற சட்டம் 2022 ஜூன் 30-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய லீஸ்களை அது தொடவில்லை. இன்று ஃபிளாட் வாங்குகிறவர் கைக்குப் பெரும்பாலும் பழைய லீஸ்தான் வரும்.

அவருடைய அடக்கத்தையும் சொல்ல வேண்டும். முகம் காட்டுவதில்லை, குரல் கொடுப்பதில்லை. ஃபைல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதும் நமக்குத் தெரியாது. போன் செய்தால் "எதிர்த்தரப்பின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்" என்ற ஒரே வாசகம். பேசிப் பழகாத இந்த மௌனத்துக்குள்தான் திருடன் நுழைகிறான். டெபாசிட் அனுப்பும் நேரத்தில், "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று அவர் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும். அவர் குரலை ஒரு நாளாவது கேட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். கணக்கு எண்ணை முதல் நாளே நேரில் வாங்கி வைத்துக்கொண்டு, பணம் அனுப்புவதற்கு முன், மின்னஞ்சலில் வந்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டுத் தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசிச் சரிபார்த்தவர்கள் தப்பித்தார்கள்.

இவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, நம்மைக் கலவரப்படுத்துகிற சொலிசிட்டர்களும் இருக்கிறார்கள். வீட்டுப் பத்திர வேலைக்கென்றே லைசென்ஸ் பெற்ற கன்வேயன்சர்களும் இருக்கிறார்கள். சேரும் முன்பே அவர்களிடம் கேட்கலாம்: என் ஃபைலைப் படிக்கப்போவது யார், அவரிடம் நேராகப் பேசலாமா, ஏஜெண்டுக்கோ பில்டருக்கோ ஏதாவது கொடுக்கிறீர்களா, என் வங்கியின் பட்டியலில் இருக்கிறீர்களா. பத்திரங்களைப் படித்து எழுதும் அறிக்கையை எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வாரம் முன்பே தருவீர்களா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை யாரும் பின்வாங்கலாம். ஆன பிறகு பின்வாங்கினால் டெபாசிட், வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கு, போய்விடும். நம் தாராளமானவரின் அறிக்கை எக்ஸ்சேஞ்சுக்கு முந்தின நாள் மாலைதான் வரும், கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு.

சாவி கைக்கு வந்ததும் அவர் ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார். வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை. முத்திரை வரிக் கணக்கை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நிலப் பதிவகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதிலும் எழுத வேண்டும். பதிவேட்டில் பெயர் ஏறும்வரை சட்டப்படி உரிமை விற்றவர் பெயரில்தான் நிற்கும். 7 பவுண்டு கட்டினால் பதிவேட்டின் படியை யாரும் எடுத்துப் பார்க்கலாம். வீடு வாங்கிச் சில மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். பழைய பெயரே இருந்தால், விண்ணப்பம் எந்தத் தேதியில் போனது என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தில் முறையீடு, 8 வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஆம்புட்ஸ்மேன். அங்கே வந்து குவியும் புகார்களில் மற்ற எல்லாச் சட்டத் துறைகளையும் முந்திக்கொண்டு முதலிடத்தில் இருப்பது வீடு வாங்கல் விற்றல்தான். அந்த முதலிடத்தை நம்மவர் ஆண்டுதோறும் விடாமல் காத்து வருகிறார்.