நிஞ்ஜா மாப்பிள்ளைக்குப் பத்திரிகை அடிக்க

மென்பொருள் கம்பெனிகளின் மனிதவளத் துறைப் பெரியோர்களுக்கு, திருக்கோவிலூரில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைக்கும் அச்சகக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். உங்களிடம் வேலைக்கு விட்ட எங்கள் பிள்ளைகள் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே முகம் சொல்லிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் மணமகன் பேருக்குக் கீழே படிப்பும் அதற்குக் கீழே வேலையும் போட்டாக வேண்டும். போடாவிட்டால் பையன் சும்மா இருக்கிறான் என்று அர்த்தம். வி.ஏ.ஓ., மின்வாரியம், ஆசிரியர் என்று ஒரு சொல்லில் முடிந்த காலம் உண்டு. நீங்கள் வந்தபிறகுதான் புரூஃப் போய்ப் போய்த் திரும்புகிறது.

'மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப்' என்று போட்டேன். பெண்ணின் பாட்டி, "மெம்பரா? எந்த வார்டுல நின்னாரு?" என்றார். 'ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்' என்றதும் சித்தப்பா ஒருவர் மாப்பிள்ளையைத் தனியே அழைத்து யூரியா இருக்கிறதா என்று விசாரித்தார். 'சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட்' பந்தியில் உட்காருமுன்பே வீட்டு மனைப் பத்திரத்தோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

'ஸ்க்ரம் மாஸ்டர்'தான் பெரிய சிக்கல். பரோட்டா மாஸ்டர், டெய்லர் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் என்று நாங்கள் அறிந்த மாஸ்டர்கள் எல்லோருக்கும் கையில் ஒரு வித்தை உண்டு. இவருக்கு என்ன வித்தை என்று கேட்டேன். தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பாராம். அட, நின்றபடி கூட்டம் போடுவது எங்கள் ஊருக்குப் புதிதா? மழை ராத்திரியில் முதலாழ்வார்கள் மூவரும் இடைகழியில் நெருக்கியடித்து நின்றது இங்கேதான். நாலாவதாக ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் வந்து நெருக்கினார். அந்தக் கூட்டத்தில் நூறு நூறு பாட்டாக மூன்று அந்தாதி பிறந்தது. உங்கள் கூட்டத்தில், விசாரித்தவரை, அடுத்த கூட்டத்துக்கு நேரம் குறிக்கப்படுகிறது.

போகட்டும், நிஞ்ஜாவுக்கு வருகிறேன். டி.சி.எஸ். கம்பெனி புதிதாக எடுக்கும் பிள்ளைகளில் ஒரு வகைக்கு இந்தப் பெயர். ஆண்டுச் சம்பளம் 3.36 லட்சம் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஜப்பான் நிஞ்ஜா இருட்டில் வேலை பார்ப்பவராம். அமெரிக்காவின் பகலுக்காக ராத்திரி கண்விழிக்கும் பிள்ளைக்கு அந்த மட்டில் பொருத்தம்தான். ஆனால் பெண் வீட்டார் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "கராத்தே கிளாஸா நடத்துறாரு?" என்கிறார்கள்.

பட்டம் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்து அரசர்கள் ஏனாதிப் பட்டத்தோடு மோதிரம் கொடுத்தார்கள். எட்டிப் பட்டத்தோடு பொற்பூவும் நிலமும் கொடுத்தார்கள். இந்த ஊரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி ஒரு பட்டமும் சூட்டாமலே தேரைத் தூக்கிக் கொடுப்பான். நீங்கள் கழுத்தில் ஒரு பட்டையும் மேலுக்கு ஒரு டீஷர்ட்டும் கொடுத்து, சம்பள உயர்வு கேட்டால் பேருக்கு முன்னால் 'சீனியர்' சேர்க்கிறீர்கள். செலவில்லாத உயர்வு.

வெளிநாட்டில் இந்தக் கூத்தை ஆட்களே தங்களுக்குள் ஆடிக்கொண்டார்கள். ஆப்பிள் மெக்கின்டாஷுக்கு நிரல் எழுதிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டின் விசிட்டிங் கார்டில் 'மென்பொருள் மந்திரவாதி' என்றே இருந்தது. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸமுக்குச் சகாக்கள் வைத்த பெயர் 'ஆயுள்காலக் கருணை சர்வாதிகாரி'. அவர் 2018இல் விலகிவிட்டார். ஆயுள் நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளும் அப்படி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாமல். வேலைக்கு 'ஆணி பிடுங்குவது' என்று பெயர். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு உபயம். எவரோ பத்து வருஷத்துக்கு முன் அடித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஆணியை, சுவர் உதிராமல் இவன் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் வேறு இரண்டு அடித்துவிட்டுப் போவான். நீங்கள் கொடுக்கும் பதவி ஆணையில் இவ்வளவு விவரம் உண்டா?

பெயர் தெரியாத சங்கப் புலவர்களுக்கு அவரவர் பாட்டில் வந்த தொடரையே பெயராக வைத்தார்கள்: குப்பைக்கோழியார், தேய்புரிப் பழங்கயிற்றினார். இரண்டு யானை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் அந்தத் தேய்ந்த கயிற்றை, கிளையன்ட்டுக்கும் மேனேஜருக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு அப்படியே சூட்டலாம். 'வெள்ளியிரவு ஏற்றியார்', 'எம்பொட்டியில் ஓடிற்றார்' என்று இன்னும் சில தயாராக இருக்கின்றன. பொட்டி தட்டுகிறவர் என்று ஊரே சொல்வதைப் பத்திரிகையில் போட்டாலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

2024இல் வானூர் பக்கம் மினி டைடல் பார்க் திறந்தாயிற்று. இனி உங்கள் பட்டங்கள் இன்னும் பக்கத்திலிருந்தே வந்து இறங்கும். அவற்றுக்குப் பதில் இந்தப் பெயர்களைப் பத்திரிகையில் போட உங்கள் ஒப்புதல் வேண்டும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே ஆர்டர் வந்துவிடும் என்பதால் சீக்கிரம் பதில் போடவும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஒப்புதல் தர முடியாது என்றால், பிள்ளைகள் மேனேஜருக்கு வைத்திருக்கும் 'டேமேஜர்' என்பதற்கு மட்டுமாவது முதலில் கொடுங்கள். இரண்டுக்கும் நாலே எழுத்து. கூடுதல் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
புரூஃப் பார்த்துச் சலித்த அச்சகக்காரன்,
திருக்கோவிலூர்