திருகுதாளம்

கூடலூரிலிருந்து மலைப்பாதையில் ஊசிமலை காட்சிமுனையைத் தாண்டி ஏறினால் நடுவட்டம். ஆனி, ஆடியில் மழை பிடித்தால் ஊரே வீட்டுக்குள் அடைந்துகொள்ளும். கம்ப்யூட்டரில் கிட்டார் வாசிக்கும் இனம் செழிப்பது அப்போதுதான். ஒரு கிட்டார், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன், ஆம்ப்ளிட்யூபோ கிட்டார் ரிக்கோ, ஏதாவதொரு ஆம்ப் சாஃப்ட்வேர் ஏற்றிய லேப்டாப்: இவைதான் அன்னாரின் ஆஸ்தி. இவற்றில் கிட்டாரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் வாசிப்பார். “மிட்ஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்று ஒரு குமிழைக் குறைப்பார். அதனால் ட்ரெபிள் குத்துகிறதென்று இன்னொன்றைக் குறைப்பார். எல்லாம் குறைந்துவிட்டதே என்று கெயினை ஏற்றுவார். சாயங்காலத்துக்குள் ‘மழை க்ளீன்’, ‘மழை க்ளீன் புதுசு’, ‘மழை க்ளீன் பழசே தேவலை’ என்று மூன்று ப்ரீசெட் சேர்ந்திருக்கும். பாட்டு மட்டும் பல்லவியைத் தாண்டியிருக்காது. கேட்டால் சாஃப்ட்வேர் கஷ்டம் என்பார். கஷ்டம் அதில் இல்லை. குமிழ்களின் பெயர் தெரிந்துவிட்டால் காதும் பழகிவிட்டது என்று அவர் நம்புவதில் இருக்கிறது.

பெயர்களின் மிரட்டலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான குமிழ்கள் சாதாரண வேலைதான் செய்கின்றன. கெயின், ஒலி எவ்வளவு கரகரக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. வால்யூம், எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை. ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கினால் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் புரியும். நாய்ஸ் கேட்டில் த்ரெஷோல்ட் என்பது வாசற்படியின் உயரம். அதைத் தாண்டாத இரைச்சல் உள்ளே வராது. படியை அதிகம் உயர்த்தினால் நீண்ட ஸ்வரத்தின் வாலும் வெட்டுப்படும். டிலேயை மலைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 500 மில்லிசெகண்ட் டிலே என்பது 85 மீட்டர் தள்ளி நிற்கும் பாறையிலிருந்து கூப்பாடு திரும்பி வரும் நேரம். அது எத்தனை தடவை திரும்பி வருகிறது என்பது ஃபீட்பேக். எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது மிக்ஸ். பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்திய பிள்ளைக்கு இந்தப் பாடம் முடிந்தாயிற்று. அன்னாரோ அதே பாடத்துக்கு நாற்பது நிமிட வீடியோ பார்த்து, கடைசியில் டிலேயை ஆஃப் செய்துவிடுகிறார்.

“தனி டோன் இல்லாமல் பெரிய கிட்டார்காரர் ஆனவர் உண்டா?” என்று அவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ உலகைப் பிடித்தது கீத் ரிச்சர்ட்ஸின் கரகரத்த கிட்டாரால்தான். ஆனால் அந்தக் கரகரப்பைத் தந்த, 1962-இல் சந்தைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெட்டியில் இருந்தவை இரண்டே குமிழ். அந்தக் கிட்டார் வரியையும் பின்னால் ஊதுகருவிகள் வாசிக்கட்டும் என்று மாதிரிக்காகத்தான் கீத் வாசித்து வைத்தார். டோனைத் தேடிப் போகவில்லை. வரி முதலில் வந்தது, டோன் அதோடு ஒட்டிக்கொண்டது. “லேட்டன்சி இருந்தால், அதாவது மீட்டிய ஒலி தாமதமாகக் கேட்டால், எப்படி வாசிப்பது?” என்பது அடுத்த ஆட்சேபம். இது உண்மையிலேயே வலுவானது. 44,100 சாம்பிள் ரேட்டில் பஃபரை 1024-இல் விட்டால் அது மட்டுமே 23 மில்லிசெகண்ட் தாமதம். ஆம்ப் எட்டு மீட்டர் தள்ளி நின்று ஒலிப்பதற்குச் சமம். விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் போகும். 128-க்கு இறக்கினால் சுமார் 3 மில்லிசெகண்டாகக் குறையும். லேப்டாப் திணறி ஒலி வெடித்தால் 256. தெரிந்தே ஆக வேண்டிய விஷயம்தான். ஆனால் இரண்டு நிமிட வேலை. இரண்டு மாத ஆராய்ச்சி அல்ல.

எனவே அறிவு வேண்டாம் என்பதல்ல வாதம். ஒரு ஆம்ப், ஒரு டிலே வைத்துக்கொண்டு ஒரு பாட்டை முழுக்க வாசித்தால், எந்தக் குமிழ் தேவை என்பதை அந்தப் பாட்டே கேட்டு வாங்கும். தேவை தெரியாமல் திருகுகிறவருக்கு எல்லாக் குமிழும் கஷ்டம்தான். அன்னார் இதுவரை திறந்தே பார்க்காத பக்கம் ஒன்று அதே சாஃப்ட்வேரில் இருக்கிறது: ட்யூனர். நீலகிரி ஈரத்தில் கம்பி துருவேறி, சுருதி இறங்கி, ‘மழை க்ளீன்’ மூன்றும் ஒரே மாதிரி அழுதுகொண்டிருக்கின்றன. அதற்கும் ஒரு ப்ளக்-இன் வரும் என்று அவர் காத்திருக்கிறார்.