மாடு மேய்க்கப் போறயா கண்ணு?

கண்ணு, சித்தெ அந்தச் செல்போனைக் கவுத்து வெய்யி. உனக்கு ஒரு சேதி. நீ கெட்டுப்போயிட்டயாம். நீ மட்டும் இல்ல, உஞ்சோட்டுப் பசங்க அத்தனை பேருமே கெட்டுப்போயிட்டீங்களாம். படிப்பு ஏறலையாம், ஒடம்பு வளையலையாம், பெரியவங்களைக் கண்டா மட்டு மருவாதி கிடையாதாம். பால் சொசைட்டி வாசல்ல வெடியால அஞ்சரை மணிக்கே தீர்மானம் போட்டாச்சு. முன்மொழிஞ்சவரு மேக்காலத் தோட்டத்து மாமா. வழிமொழிஞ்சவங்க, கேனோட நின்ன மத்த எல்லாரும். நானும் தலையாட்டிட்டுத்தான் வந்தேன். நாளைக்கும் அங்கதான பால் ஊத்தோணும்?

அதனால உனக்குப் புத்தி சொல்லச் சொல்லி உங்கொப்பன் என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்கறான். சொல்றேன், கேட்டுக்க. கேக்காட்டியும் பரவால்ல, கேக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்க. மருவாதிங்கறது முக்காவாசி அதுதான்.

மொதல்ல படிப்பு. நீ பி.இ. மெக்கானிக்கல். பட்டத்தைச் சட்டம் போட்டு, குலசாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்குது. மோட்டார் ரூம்புல ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணினா மட்டும் சோமனூர்ல இருந்து ஒரு பையன் வரோணும். அவன் எட்டாவது பெயிலு. வந்து, ஸ்குரூ டிரைவரைக் காதுல சொருகிட்டு, உன்னையப் பாத்து "சார், அந்த டார்ச்சச் சித்தெ புடிங்க"ங்கறான். நீயும் புடிக்கற. நல்லாத்தான் புடிக்கற, ஆடாம அசையாம. நாலு வருசப் படிப்பு வீண்போகலைன்னு உங்கொப்பனுக்குச் சொல்லிப்போட்டேன்.

மாமா என்னமோ, அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம்ங்கறாரு. இருக்கும். ஆனா அந்த எட்டாவத எத்தனை பேரு கண்டாங்கன்னு அவர் சொல்ல மாட்டாரு. 1951 ஜனத்தொகைக் கணக்குல இந்தப் பக்கமெல்லாம் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு இருபது பேருக்குப் பக்கந்தான். 2011 கணக்குல எண்பது. அந்தக் காலத்துல படிப்பு ஒசத்தியாத் தெரிஞ்சதுக்குக் காரணம், மீதிப்பேரு கைநாட்டு வெச்சுட்டு ஓரமா நின்னதுதான். மாமா கையெழுத்தையும் நான் பாத்திருக்கறேன். சொசைட்டி கிளார்க்கு அதைப் பாத்துட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு மையும் தடவச் சொல்லிப்போட்டாரு.

அப்புறம் நடந்ததையும் கேளு. 1984-ல, எம்.ஜி.ஆர். ஆட்சியில, தனியாரும் இன்ஜினியரிங் காலேஜ் நடத்தலாம்னு கதவைத் தொறந்து வுட்டாங்க. சோளக்காட்டுல காலேஜ், கடலைக்காட்டுல காலேஜ். ஒரு கட்டத்துல தமிழ்நாட்டுல ஐநூறுக்கு மேல போயிருச்சு. தோட்டத்தை வித்துப் பீஸ் கட்டினவன் இருக்கறான், தோட்டத்தையே காலேஜ் ஆக்கினவனும் இருக்கறான். ரெண்டாமவன் பொழச்சுக்கிட்டான். அப்புறம் சேர ஆளில்லாம எத்தனையோ காலேஜை மூடிப்போட்டாங்க. இருக்கற கூட்டமும் கம்ப்யூட்டர் பக்கம் சாஞ்சிருச்சு. உன்ற மெக்கானிக்கல் பெஞ்சு காலியாக் கெடந்து, மின்விசிறிக் காத்து வாங்குது.

படிப்பு எப்படிக் கெட்டுதுன்னு கேக்கறாங்களே, அதுக்கும் ஒரு பதில் சொல்லோணும். 2020 ஆகஸ்டுல, கொரோனா நேரத்துல, அரியருக்குப் பணம் கட்டியிருந்தாப் போதும், பரீட்சை வேண்டாம், பாஸுன்னு அரசாங்கம் சொல்லுச்சு. பசங்க முதலமைச்சருக்குப் பேனரே கட்டினானுங்க. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் ஆகாதுன்னுது, விசயம் ஐகோர்ட் வரைக்கும் போச்சு. நீங்க கேட்டது சரியில்லதான். கேட்டதும் குடுத்தது யாரு? அறிவிப்புல கையெழுத்துப் போட்டவங்கள்ல உன் வயசுக்காரன் ஒருத்தன்கூட இல்ல கண்ணு.

ஏன் படிக்கலைன்னு கேட்டா, ஜி.டி. நாயுடு படிச்சாரான்னு திருப்பிக் கேக்கற. கெட்டிக்காரன்டா நீ. படிக்கலதான். சூலூர்ப் பக்கம் கலங்கல்ல பொறந்து, பள்ளிக்கூடத்தைப் பாதியில வுட்டவருதான். ஆனா கோயமுத்தூர்ல ஓட்டல்ல சர்வர் வேலை பாத்துக் காசு சேத்து, அந்தக் காசுல ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காக் கழட்டி மறுபடி மாட்டினவரு. 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ்ஸு வுட்டாரு. நீயும் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கற, உங்கொப்பன் காசுல. கழட்டியும் இருக்கற, சைலன்சரை மட்டும். அதே மனுசன் 1945-ல கோயமுத்தூருக்கு இன்ஜினியரிங் காலேஜ் கொண்டுவர்றதுல முன்னால நின்னாரு. நாலு வருசம் எதுக்கு, ரெண்டு வருசத்துல சொல்லிக்குடுத்தறலாம்னாரு. சர்க்காரு ஒத்துக்கல, வுட்டுட்டு வந்துட்டாரு. அன்னைக்கு அவர் பேச்சைக் கேட்டிருந்தா உன்ற அரியர் பாதியாக் கொறஞ்சிருக்கும். படிக்காதவருன்னு அவரைத் தொணைக்குக் கூப்புடறதுன்னா கூப்புடு, ஆனா டம்ளர் கழுவறதுல இருந்து ஆரம்பி.

இனி வேலை. இதுலதான் மாமாவுக்கு வயிறு ரொம்ப எரியுது. "ஒரு பயலும் மம்பட்டி புடிக்க மாட்டேங்கறான் மாப்ளே"ன்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு. ஏன் புடிக்க மாட்டேங்கறேன்னு நான் சொல்றேன் கேளு. நீ மூணாவது படிக்கறப்போ கணக்குல மார்க்கு கொறஞ்சா உங்கொப்பன் என்ன சொன்னான்? "படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவே." நாலாவதுல? அதேதான். எஸ்.எஸ்.எல்.சி.யில? மாட்டோட எருமையும் சேந்துக்குச்சு. இந்த ஊர்ல ஒரு ஊடு பாக்கியில்லாம, கட்டுத்தரையில நின்னு சாணி அள்ளிட்டே, அந்த மாட்டுப் பால்ல பீஸு கட்டிட்டே சொன்னது. கேட்டுட்டு நின்ன மாடு என்ன நெனச்சுதோ. வருசக்கணக்கா ஒரு வேலையச் சாபமா வெச்சுப்போட்டு, இப்போ அந்தச் சாபத்தை வாங்கிக்க ஆளில்லையேன்னு அழுதா?

அதைவிட வேடிக்கை, போன தை மாசம் மாமா மகளுக்கு மாப்பிள்ளை தேடினது. தரகர் கொண்டாந்த சாதகத்துல ஒண்ணு, தங்கமான பையன், பத்து ஏக்கரா தென்னந்தோப்பு, சொட்டுநீர், கறவை மாடுக. மாமா ஒதட்டைப் பிதுக்கிட்டாரு. தரகர் காரணம் கேட்டாரு. "தோட்டம் இருக்கோணுங்க. ஆனா மாப்பிள்ளை தோட்டத்துல இருக்கக்கூடாது"ன்னாரு. கடைசியில பெங்களூர்ல ஐ.டி. மாப்பிள்ளை அமஞ்சுது. கல்யாணத்துக்கு நாமளும் போய் மொய் வெச்சுட்டு வந்தோமே. அன்னைக்குப் பந்தியில இலை எடுத்த பசங்க ஒடிசாக்காரனுங்க.

அந்த மாதிரி வடக்க இருந்து வந்தவனுங்களைப் பத்தியும் சொல்லோணும். தேங்காய் உரிக்கறது அவன், விசைத்தறி ஓட்டறது அவன், திருப்பூர்ல பனியன் மடிக்கறது அவன், கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கறது அவன். 2023 மார்ச்சுல, வடக்கத்திக்காரங்களை இங்க அடிக்கறாங்கன்னு யாரோ பொய் வீடியோவைப் பரப்பிவுட்டானுங்க. ஆளுக ரயிலேறிப் போயிருவாங்களோன்னு மொதலாளிகளுக்கு ராத்தூக்கம் போச்சு. போலீசு, கலெக்டருன்னு வந்து, இந்தியில பேசித் தெகிரியம் சொல்லி நிறுத்தினாங்க. நம்ம கோழிப்பண்ணைப் பையனுக்கும் உன் வயசுதான் இருக்கும். பீகார்ல அவனூர்த் திண்ணையிலயும் ஒரு கெழவன் ஒக்காந்துட்டு, "இந்தக் காலத்துப் பசங்க வேலைக்கு வளைய மாட்டேங்கறானுங்க, ஊரை வுட்டு ஓடிப்போயிடறானுங்க"ன்னு பேசிட்டிருப்பான்.

அதுக்காக உன்னைய வுட்டுற மாட்டேன். குரூப் ஃபோருக்குப் படிக்கறேன்னு லைப்ரரிக்குப் போறயே, நல்லதுதான். 2024-ல 6,244 எடத்துக்குன்னு அறிவிச்சாங்க, 20 லட்சத்துக்கு மேல விண்ணப்பம். பத்தாவது பாஸுக்கான வேலை, எழுதப்போனதுல பி.இ. எத்தனை, எம்.எஸ்சி. எத்தனையோ. ஒரு கூடைச் சோத்துக்கு ஊரே பந்தியில ஒக்காந்த கதை. வி.ஏ.ஓ. வேலை கெடச்சா எனக்குச் சந்தோசந்தான், சாதிச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதில்ல. கெடைக்கற வரைக்கும் என்ன பண்றேங்கறதுதான் என்ற கேள்வி. படிக்கறேங்கற பேர்ல, லைப்ரரி வேப்பமரத்தடியில டீக்குடிக்கறதே ஒரு உத்தியோகமாப் போச்சு. அதுக்குப் பென்சன் கிடையாது, விசாரிச்சுட்டேன்.

உன்னோட பத்தாவது படிச்சாளே, கீழ வளவுப் புள்ள, அவளைப் பாரு. 2021 கடைசியில "இல்லம் தேடிக் கல்வி"ன்னு ஆரம்பிச்சாங்கல்ல, கொரோனாவுல எழுத்து மறந்துபோன குழந்தைகளுக்குப் பொழுதோட சொல்லிக்குடுக்கறது. மாசம் ஆயிரம் ரூவா குடுத்தாங்க. உன்ற மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோலுக்குக் காணாது. அவ தெனமும் திண்ணையில பாய விரிச்சு, மூக்கொழுகற பசங்களை ஒக்கார வெச்சு, அ ஆ-வுல இருந்து ஆரம்பிச்சா. மாமா பேரனும் அங்கதான் கூட்டல் கத்துக்கிட்டான். அவளும் இந்தக் காலத்துப் புள்ளதான். சொசைட்டித் தீர்மானத்துல அவ பேரைச் சேக்க மறந்துட்டாங்க.

கடைசியா மருவாதி. இதுல சித்தெ நின்னு பேசோணும்.

"அந்தக் காலத்துல பெரியவங்களைக் கண்டா எப்படிப் பயந்து நின்னாங்க"ன்னு மாமா சொல்றப்போ அவர் கண்ணே கலங்கிருது. நான் ஒண்ணு கேட்டேன்: "மாமா, யாரு நின்னாங்க? யாருக்கு முன்னால?" பேச்சை மாத்திட்டாரு. எனக்கு மறக்கல. நம்ம தோட்டத்துப் பண்ணையத்தாளுக்கு அப்போ அறுபது வயசு இருக்கும். தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிட்டு நிப்பாரு. நம்மூட்டுப் பத்து வயசுப் பொடியன் அவரை "வாடா, போடா"ன்னுவான். ஒருத்தரும் அந்தப் பொடியனைக் கண்டிக்கல. டீக்கடையில அவருக்குத் தனிக் கிளாஸு, குடிச்சுட்டு அவரே கழுவி வெக்கோணும். இன்னைக்கு அவர் பேத்தி அதே கடையில, அதே பெஞ்சுல ஒக்காந்து டீக்குடிக்கறா. மருவாதி கெட்டுப்போச்சுன்னு சொசைட்டியில பேசினாங்களே, அதுல எத்தனை பங்கு இந்த மருவாதின்னு யாரும் பிரிச்சுச் சொல்லல. இது கெட்டுதுன்னா, நல்லாக் கெடட்டும். இதைக் கெடுத்ததுல உங்களுக்குப் பங்கிருந்தா, என்ற பேருல ஒரு டீ வாங்கிக் குடிச்சுக்க.

மத்தது வேற. ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா, காதுல சொருகினதைக் கழட்டிட்டு "வாங்க"ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு டேட்டா செலவாகாது. எழவு ஊட்டுல செல்பி எடுக்காதே, செத்தவரு சிரிக்க மாட்டாரு. உங்கம்மா சோறு போடறப்போ தட்டைப் பாரு, போனைப் பாக்காதே. பாத்தா என்ன கொழம்புன்னே தெரியாமத் திங்கற, அப்புறம் நல்லாயிருக்குதுங்கற, அவ நம்பிக்கறா. பஸ்ஸுல கெழவிக்கு எடம் குடு. கெழவனுக்கு வேண்டாம், எங்களுக்கு நின்னுட்டு வந்தாத்தான் ஊரைக் கொறை சொல்ல வசதி.

மாமாவும் லேசுப்பட்டவரு இல்ல. வெடியால நாலு மணிக்கு, ஊரு தூங்கறப்போ, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ரோசாப்பூவோட "இனிய காலை வணக்கம்" போடறதும், மத்தியானம் "வெங்காயத்தைப் பாதத்துல வெச்சுக் கட்டினா சர்க்கரை எறங்கும்"னு அனுப்பறதும் யாருன்னு உனக்கே தெரியும். போனு உங்களைக் கெடுத்திருச்சுன்னு அவர் பேசின பேச்சும் வீடியோவா அந்தக் குரூப்புலதான் வந்துது. எடுத்துக் குடுத்தது நீதானாமே?

அது கெடக்கட்டும். இப்போ பொழுதோட மாமா இங்க வர்றேன்னிருக்கறாரு. பி.எம். கிசான் பணம் நின்னுபோச்சாம், ஆதார்ல என்னமோ சரிபாக்கோணுமாம், ஓ.டி.பி. வருதாம், என்னன்னு தெரியலையாம். உன்னையத்தான் கேட்டுட்டு வர்றாரு. வந்தா எந்திரி, "வாங்க"ன்னு சொல்லு, தண்ணி குடு. அவரு "கண்ணு, சித்தெ பாத்துக் குடுங்க சாமி"ன்னு ங்க போட்டாருன்னா, உடனே பாத்துக் குடுத்துரு. "டேய், இதைப் பாருடா"ன்னாருன்னு வெய்யி, நெட்டு கெடைக்கலைங்க, மேக்கால மேட்டுல போய் நின்னாத்தான் டவர் எடுக்கும்னு சொல்லி, ரெண்டு நடை நடக்க வுடு.