பொட்டி ஓடும், பட்டி ஓடுமா?

இன்னாடா பேராண்டி, வந்தே பாரத்துல வரப்போறியாமே! உங்கம்மா தெருத் தெருவா சொல்லி முடிச்சுட்டா. வா ராசா, வா. பாகாலாக் கெழவன் சொல்றதையும் காதுல போட்டுக்க.

செகந்திராபாத்துலேர்ந்து திருப்பதிக்கு 2023 ஏப்ரல் 8ஆம் தேதி பிரதமரே கொடியாட்டி உட்ட வண்டி. நல்கொண்டா, குண்டூர், நெல்லூர் வழியா 660 கிலோமீட்டர் சொச்சத்த ஏறக்குறைய எட்டரை மணி நேரத்துல தாண்டுதாம். பழைய நாராயணாத்ரி எக்ஸ்பிரஸ்ஸுக்கு ஏறக்குறைய பன்னெண்டு மணி ஆவுது. மூணரை மணி மிச்சம்னு நீ கணக்குப் போட்டிருப்ப. கணக்கு சரிதான். ஆனா நாராயணாத்ரி ஓடறது ராத்திரியில. நீ குறட்ட உடற நேரத்ததான் அது தின்னுது. விடியறப்ப கீழத் திருப்பதியில எறக்கி உட்டுடும். உன் வண்டி காலையில ஏத்தி மத்தியானம் எறக்குது. ஒரு பகல முழுசாக் கோட்டை உட்டுட்டு, சீக்கிரம் வந்துட்டேன்னு மீசைய முறுக்குவ!

சரி, சாமி பாக்க மேல மலைக்குப் போறியே, அங்க? கூட்ட நாள்ல காசில்லாத சர்வ தரிசனத்துக்கு 20 மணி நேரங்கூட ஆவும். வைகுண்டம் காம்ப்ளெக்ஸ் பட்டியில அடைச்சப்பறம், ஏசிப் பொட்டியில வந்தவனும் பாசஞ்சர்ல தொங்கினவனும் ஒரே கம்பிக்குள்ளதான். மிச்சம் புடிச்ச மூணரை மணிய அங்க வட்டியோட கட்டிடுவ.

அப்பறம் இந்தத் தாத்தனப் பாக்க வரணுமே. காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி 104 கிலோமீட்டரும் ஒத்தத் தண்டவாளம்டா. எதிர்ல வண்டி வந்தா ஸ்டேஷன்ல ஒதுங்கி நிக்கணும். 2025 ஏப்ரல்ல டெல்லியில மந்திரிங்க கூடி, 1,332 கோடி ரூபாயில ரெட்டைப் பாதைக்கு ஒத்துக்கிட்டாங்க. மகராசனுங்களா இருக்கட்டும். அது முடியறவரைக்கும், 660 கிலோமீட்டரப் பறந்து வந்த தொர, கடைசி 40 சொச்சம் கிலோமீட்டர்ல கிராசிங்குக்கு நின்னு கடல கொறிக்க வேண்டியதுதான்.

அதனால சொல்றேன். முதல்ல தேவஸ்தானத்துல 300 ரூபா தரிசன டிக்கெட்டப் புடி. அது மாசக் கணக்குக்கு முன்னாடியே தீந்து போவும். ரயிலுக்கு 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் தெறக்கும், அவசரமில்ல. அதையும் நாராயணாத்ரிக்கே போடு. திரும்பறப்ப வேணா வந்தே பாரத்துல போய் போட்டோ புடிச்சு ஊருக்குக் காட்டு, யார் வேணாங்கிறா?