பூனைக்குக் கக்கூஸ் வாங்கின பேராண்டிக்கு

பேராண்டி, தெருவுல கெடந்த ஜீவன வீட்டுக்குக் கொண்டாந்திருக்க, அது புண்ணியந்தான். ஆனா வந்த சூடு ஆறுறதுக்குள்ள, "தாத்தா, அது என்னையப் பழிவாங்குது, சோபாவுல போயி ஒண்ணுக்கு இருக்குது"ன்னு சொந்தக்காரன் அம்புட்டுப் பேருக்கும் போனப் போட்டு ஒப்பாரி வைக்கிற பாரு, அதத்தான் தாங்க முடியல. பழிவாங்குறதுக்கு அது என்ன ஒன் ஆபீஸ் மேனேஜரா? பொழுதுல பாதிக்கு மேல தூங்கியே கழிக்கிற பிராணிக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்?

நான் மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து காலந்தள்ளுனவன். வாயில்லாத ஜீவன் கூட வந்தவன் பேச்ச நம்பாம, ஜீவனப் பாத்து சங்கதியக் கண்டுபிடிக்கணும், அதுதான் அங்க படிச்ச பாடம். நீ அனுப்புன வீடியோவ ஒங்க ஆச்சி கண்ணாடிய வாங்கி மாட்டிக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க நெசமாவே கூடந்தான் கோணல், பேராண்டி.

என்னய்யா பொட்டி அது? மேல மூடி, முன்னால ஆட்டுக் கதவு, உள்ள செண்டு வாசம் அடிக்கிற நீலக் குருணை. மூவாயிரம் ரூவான்னு வேற பெருமை. அதக் கொண்டுபோயி வாஷிங் மிஷினுக்கு ஒட்டுனாப்புல வச்சிருக்க. எடம் மிச்சம்னு சோத்துத் தட்டையும் பக்கத்துலயே வச்சிட்ட. ஒன்னைய ஒரு அத்தர் பீப்பாய்க்குள்ள எறக்கிவிட்டு, கதவச் சாத்தி, பக்கத்துல மாவு மில்ல ஓட்டி, எதுக்க எலையப் போட்டு சாம்பாரும் ஊத்தி வச்சா, நீ அங்க உக்காருவியா? பூனைக்கு மூக்கு நம்மளவிடப் பல மடங்கு கூர்மை. ஒனக்கு நல்ல வாசன, அதுக்கு மூச்சு முட்டுது.

அந்த வீடியோவுலயே அது எல்லாத்தையும் சொல்லிருச்சு, நீதான் பாட்டு சேத்து ஸ்டேட்டஸ் போடுற மும்முரத்துல கவனிக்கல. நல்லாப் பாரு. முன்னங்கால் ரெண்டையும் பொட்டி விளிம்புலயே வச்சு நிக்குது. உள்ள வச்ச காலத் தூக்கி உதறுது. மணலத் தோண்டாம பொட்டிச் சுவத்தப் பிறாண்டுது. முடிஞ்ச கையோட மூடாம ஒரே தாவா வெளிய பாயுது. மண்ணு பிடிச்ச பூனை தோண்டும், திரும்பும், மோந்து பாக்கும், மூடும், நிதானமா வரும். இதுக்கு மேல வெளக்கமா மனு எழுத அது என்ன கலெக்டர் ஆபீஸுக்கா போகும்?

அதோட பூர்வீகம் வட ஆப்பிரிக்காவும் மேற்கு ஆசியாவும். வறண்ட பூமிக் காட்டுப்பூனை வம்சம். சைப்ரஸ் தீவுல 9,500 வருசத்துக்கு முந்தின மனுசக் குழிக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் பொதைச்சிருந்தத 2004ல எழுதி வெளியிட்டாங்க. அம்புட்டுக் காலமா நம்ம கூட இருந்தும், பொலபொலன்னு இருக்கிற மண்ணத் தோண்டி மூடுற பழக்கத்த மட்டும் அது விடல. இந்தக் கடைச் சமாச்சாரமெல்லாம் நேத்து வந்தது. 1947ல அமெரிக்காவுல எட்வர்ட் லோன்னு ஒருத்தர், மணலுக்குப் பதிலா ஈரத்த உறிஞ்சுற களிமண்ணக் குடுத்துப் பாத்தாரு, அப்பறம் அதையே பைபோட்டு வித்துப் பணக்காரராயிட்டாரு. கட்டி கட்டியா ஒறையுதே பென்டோனைட்டு, அந்த மண்ண நம்ம குஜராத் கட்ச்சுலயே வெட்டி எடுக்கிறான். செண்டப் போட்டது பூனைக்காக இல்ல, ஒனக்காக.

இப்பச் செய்ய வேண்டியதச் சொல்றேன், கேளு. மொதல்ல அந்த மூடியக் கழட்டு. பூனை நீளத்துக்கு ஒண்ணரை மடங்கு நீளத்துல தொட்டி வேணும். துணி அடுக்குற பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்ண வாங்கி ஒரு பக்கத்த மட்டும் தாழ அறுத்துவிட்டாப் போதும். வாசனையில்லாத பொடி மண்ணா ரெண்டு மூணு இஞ்சு ஒசரத்துக்குப் போடு. ஒன் பூனை தெருவுல வளந்தது, அதுக்குத் தெரிஞ்சது தோட்டத்து மண்ணு. மொதல்ல நல்லாக் காஞ்ச மண்ணு அள்ளி மேல தூவு, நாள் போகப் போகக் கடைச் சரக்கக் கூட்டு. ஆத்து மணல் தேடி அலையாத, அதுக்கு இப்ப மந்திரி சிபாரிசு வேணும்.

ஒத்தப் பூனைக்கு ஒரு தொட்டி போதாது, ரெண்டு வையி. எத்தன பூனையோ அதுக்கு மேல ஒண்ணு, அதுதான் கணக்கு. ரெண்டையும் ஒட்டி ஒட்டி வச்சா அது கண்ணுக்கு ஒண்ணுதான், தள்ளித் தள்ளி வையி. காலையும் சாயந்தரமும் அள்ளிரு. "வாரம் ஒருக்கா சுத்தம் பண்றேன் தாத்தா"ன்னு சொன்னப்ப எனக்கு ஒன் காலேஜ் ஹாஸ்டல் ஞாபகந்தான் வந்துச்சு. அள்ளுனத டாய்லெட்டுல போட்டுத் தண்ணி ஊத்தாத, களிமண்ணு போயி அடச்சுக்கிட்டா அபார்ட்மென்ட் அசோசியேஷன்காரன் ஒன்னையத்தான் தூக்கி வெளிய போடுவான்.

வந்த அன்னைக்கே மூணு பெட்ரூமையும் தெறந்துவிட்டு, வீட்டு புரோக்கர் கணக்கா சுத்திக் காட்டியிருக்க. பயந்த பூனைக்கு எங்க தொட்டி இருக்குன்னு தெரியுமா, எங்க ஒளியலாம்னு தெரியுமா? இப்பவும் கெட்டுப்போகல. ஒரே ரூமுல விடு. ஒரு மூலையில தொட்டி, எதிர் மூலையில சோறு தண்ணி, ஒளிய ஒரு அட்டப்பொட்டி. தொட்டியில ஒழுங்காப் போக ஆரம்பிச்ச பெறகு ஒவ்வொரு கதவாத் தெற. மூக்கப் பிடிச்சு மூத்திரத்துல தேச்சியாமே? எந்த மகராசன் சொல்லிக் குடுத்தான்? அதுல அது கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: இந்தாளுக்குத் தெரியாம பிரிட்ஜுக்குப் பின்னால போகணும்.

சோபாவ பினாயில் ஊத்திக் கழுவுனேன்னு நெஞ்ச நிமித்திச் சொன்ன. பூனை ஈரலுக்கு அந்தச் சரக்க முறிச்சு வெளியேத்துற சக்தி கெடையாது. காலுல ஒட்டி, நக்கி, உள்ள போனா விஷம். அம்மோனியா கலந்ததும் ஆகாது, அதுக்கு அதுவே மூத்திர வாசந்தான். ஈரத்த ஒத்தி எடுத்துட்டு, என்சைம் கலந்த கிளீனர் விக்கிறான், அத வாங்கி நனைய ஊத்தி காயவிடு. பழைய வாசம் இருக்கிற வரைக்கும் அது அந்த எடத்த மறக்காது.

ஒன் பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு ஒங்கம்மா சொன்னா. சந்தோசம். அவளையா பூனைப்பீ அள்ள வச்சிருக்க? பூனைப்பீயில டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி இருக்கலாம், வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. போட்ட அன்னைக்கே அது தொத்தாது, ஒரு நாளாவது கெடந்தாத்தான் வீரியம் வரும். அதனால தெனமும் அள்ளணும், நீதான் அள்ளணும்.

இனிமே வெளையாட்டில்லாமச் சொல்றேன். ஒன்னுது கடுவன். நின்னாப்புல வாலச் செலுப்பிக்கிட்டுச் சுவத்துல பீச்சுனா அது தொட்டிச் சமாச்சாரமே இல்ல, எல்லை சொல்லுது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிட்டா பெரும்பாலும் நின்னுரும். ஆனா அடிக்கடி தொட்டிக்குப் போயி முக்கி முக்கி உக்காந்து, சொட்டு சொட்டா வந்தாலோ, ரத்தங் கலந்தாலோ, கத்துனாலோ அது அடமில்ல, நோவு. சுத்தமா வரலைன்னா குழாய் அடச்சிருச்சுன்னு அர்த்தம், ஒண்ணு ரெண்டு நாள்ல உசுரே போயிரும். விடியட்டும்னு காத்திருக்காத, ஆன்லைன்ல மருந்து தேடாத. மெட்ராஸுலதான இருக்க? வேப்பேரியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, 1903ல தொடங்குனது. நேரா அங்க தூக்கிட்டு ஓடு, இல்ல பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி தெறந்திருக்கோ அங்க ஓடு.

அந்த மூவாயிரம் ரூவாப் பொட்டியத் தூக்கி எறிஞ்சிராத. சோப்புப் போட்டுக் கழுவி, செண்டு வாசம் போற மட்டும் வெயில்ல காயவச்சு, சாத்தூர் பஸ்ஸுல ஏத்தி அனுப்பு. ஒங்க ஆச்சி கோழிக்கு அடைவைக்கக் கேக்குறா.